டேட்டாபேஸுக்குள் ஒரு தகடு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இரண்டு பெயர்கள் உண்டு: எல்லாம் ஓடும்போது ‘அந்தக் கம்ப்யூட்டர்காரம்மா’, நின்றுபோனால் ‘மேடம், எங்கீங்க இருக்கீங்க?’

நூல் வந்து இறங்குவதிலிருந்து பெட்டி லாரியில் ஏறுவது வரை கம்பெனியில் நடப்பதெல்லாம் இன்று கம்ப்யூட்டரில் பதிவாகிறது. பதிவானது கலையாமல், தொலையாமல், கண்டவர் கை படாமல் காப்பது என் பிழைப்பு. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே தலையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். மற்றவர்கள், வீட்டில் எல்லோரும் சாமான் திணிக்கும் ஒரே அலமாரிக்கு நீங்கள் மட்டும் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். என் நிலைமை புரிந்துவிடும்.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு கம்பெனி. அதன் முதலாளி சென்னியப்பன் நல்ல மனிதர், முருக பக்தர். கோபம் மட்டும் முன்னால் ஓடும், யோசனை பின்னால் நடந்து வரும். அவருக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்த புரோகிராமர் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டதால், அந்த அலமாரியின் சாவி என் கைக்கு வந்தது. அங்கே நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

முப்பதாம் நம்பர் நூல்

முதல் நாளே குடோன் பொறுப்பாளர் காதர் பாய் என்னைத் தேடி வந்தார். எந்த நூலைத் தேடினாலும் கம்ப்யூட்டர் காட்டுகிறதாம், 30's நூலைத் தேடினால் மட்டும் திரை முழுக்கச் சிவப்பாகி நின்றுவிடுகிறதாம். நூலின் பருமனை எங்கள் ஊரில் 30's, 34's, 40's என்றுதான் எழுதுவார்கள். எண்ணுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில், தலைக்கு மேலே, கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கிறதே, அதுதான் வினை. அந்தக் குறியைக் கண்டதும் சாஃப்ட்வேர், ‘பெயர் இத்தோடு முடிந்தது, இனி வருவது எனக்கான கட்டளை’ என்று எண்ணிக்கொள்கிறது. ‘எஸ்’ என்று ஒரு கட்டளை இல்லாததால் குழம்பி விழுகிறது.

விழுந்தது கூடப் பரவாயில்லை. கட்டளை தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் ‘எல்லாவற்றையும் காட்டு’ என்றோ ‘எல்லாவற்றையும் அழி’ என்றோ எழுதினால், அது பணிவாகச் செய்து முடித்துவிடும். இதற்கு எங்கள் தொழிலில் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். காதர் பாய்க்குப் புரியும்படி சொன்னேன்: “ஒரு ஆள்கிட்ட சாமான் சீட்டு கொடுத்துக் கடைக்கு அனுப்பறீங்க. ‘அரைக் கிலோ சர்க்கரை’ன்னு நீங்க எழுதினதுக்குக் கீழே வேற யாரோ ‘கடைப் பூட்டையும் உடைச்சு வை’ன்னு எழுதிட்டாங்க. அவர் சர்க்கரையும் வாங்கிட்டு, பூட்டையும் உடைச்சுட்டு வர்றார். உங்க சாஃப்ட்வேர் அந்த ஆள்தான் பாய்.”

ஆளில்லாமல் பாதி மெஷின்கள் சும்மா கிடக்கும் ஊரில் முப்பது வருஷமாக லோடு ஏற்றுகிறவர் அவர். என்னை வருத்தத்தோடு பார்த்தார்.

“சொன்னதச் செய்யற ஆளு கெடைக்கறதே கஷ்டமுங்க மேடம், அவனப் போயி குத்தம் சொல்றீங்களே?”

சந்தனப் பொட்டுக்குக் கீழே

பனியனை மடித்துப் பெட்டியில் போடுவதற்கு முன் கடைசியாக அளந்து, திருப்பிப் பார்த்து ‘பாஸ்’ போடும் இடம் செக்கிங் ஹால். அங்கே ஒரு கம்ப்யூட்டர். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்துபோய் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் அதே கொசுக் குறி, அப்புறம் ‘அல்லது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், அப்புறம் ‘ஒன்று சமம் ஒன்று’. பாஸ்வேர்ட் கேட்கிற கட்டத்தில் இதை அடித்தால் யார் பெயரில் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ‘பாஸ்வேர்ட் சரியா, அல்லது ஒன்றும் ஒன்றும் சமமா?’ என்று கேட்டால், இரண்டாவது எப்போதும் சரிதானே! கம்ப்யூட்டரும் ஆமாம் என்று கதவைத் திறந்துவிடுகிறது.

என் தொழிலில் உள்ளவர்களே, திருட்டு வழி என்று நாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதை, பழைய புரோகிராமர் ஊழியர் நலத் திட்டமாக ஒட்டிவிட்டுப் போயிருந்தார். பாஸ்வேர்ட் மறந்தவர்கள் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். எல்லோரும் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். சொந்தப் பாஸ்வேர்டை, அதுவும் இடது கையால் மறைத்துக்கொண்டு அடிக்கிறவர் ஒரே ஒருவர், செக்கிங் சூப்பர்வைசர் ஜெயராணி. தூத்துக்குடிக்காரர், பதினோரு வருஷமாக அங்கேயே இருக்கிறவர். கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

அந்த வாரத்திலேயே ஓட்டையை அடைத்தேன். கட்டத்தில் எதை எழுதினாலும் சாஃப்ட்வேர் இனி அதை வெறும் பெயராக மட்டுமே எடுத்துக்கொள்ளும். ‘பூட்டை உடை’ என்று எழுதினால், அந்தப் பெயரில் நூல் இருக்கிறதா என்று தேடி, இல்லை என்று சொல்லும். 30's நூல் பட்டியல் ஜம்மென்று வந்து நின்றது. காதர் பாய் சந்தோஷத்தில் எனக்குத் தேங்காய் பன் வாங்கித் தந்தார். ஹாலில் நான் சீட்டைக் கிழித்தபோது எல்லோர் முகமும் வாடியது. ஜெயராணி மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“ஒங்க வீட்டுக்குக் கதவு உண்டா, இல்ல வெறும் நெலை மட்டுந்தானான்னு ஒட்டும்போதே அவருட்ட கேட்டேன் மேடம், சிரிச்சிட்டுப் போயிட்டாரு.”

பத்து இருபத்தைந்து

வெளிநாட்டு வாடிக்கையாளர் சார்பில் ஆடிட்டர் வரப்போகிறார் என்றால் கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சுவருக்குப் பெயிண்ட், தீயணைப்பு வாளிக்குப் புது மணல். இந்த ஆடிட்டர் வருவதற்குப் பத்து நாள் முன்பே பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், பார்த்ததும் ஒரு கேள்வி அனுப்பினார். வெள்ளிக்கிழமை செக்கிங் முடிந்ததாகப் பதிவான நேரம் பதினொன்று பத்து. அதே சரக்கோடு லாரி கிளம்பியதாகப் பதிவான நேரம் பத்து இருபத்தைந்து. செக்கிங் முடியாமல் சரக்கு எப்படிக் கிளம்பியது? ஒன்றல்ல, இப்படி ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

இரண்டு பதிவையும் செய்வது ஜெயராணிதான். சரக்கை அப்படியே அனுப்பிவிட்டு அப்புறமாக உட்கார்ந்து ‘பாஸ்’ போட்டிருக்கிறார் என்றுதான் அதைப் பார்த்த யாருக்கும் தோன்றும். சென்னியப்பனின் கோபம் வழக்கம்போல் முன்னால் ஓடியது. நேரே ஹாலுக்குப் போய், நாற்பது பேர் பார்க்க, முதல் டேபிள் பக்கத்தில் நின்று, “பாக்காமயே பாஸ் போட்டிருக்கீங்க. கூப்பிடற வரைக்கும் ஊட்டுல இருங்க” என்று சொல்லிவிட்டார். ஜெயராணி கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்டி அந்த டேபிளில் வைத்துவிட்டு நடந்தார்.

கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன், வேலை போகாது, நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். அவருக்கு வேலை வேறு கம்பெனியில் மறுநாளே கிடைக்கும், அது எனக்கும் தெரியும். அவர் கேட்டது வேறு.

“எந்த டேபிள்ல வச்சு அப்படிச் சொன்னாரோ, அதே டேபிள்ல வச்சு அது இல்லன்னு சொல்லணும் மேடம், எனக்கு அது போதும்.”

நான் தேடிய இடமும் பாய் பார்த்த இடமும்

எனக்கு ஒரு கெட்ட குணம். ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டால், உலகத்தில் ஒழுகுவதெல்லாம் அதன் வழியாகத்தான் என்று நம்பிவிடுவேன். துண்டுச் சீட்டைப் பயன்படுத்தி வேறு யாரோ ஜெயராணி பெயரில் உள்ளே போய் நேரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் அதையே நோண்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஜெயராணியைக் குற்றமற்றவர் என்றும் காட்ட முடியாது. கடைசியில் தப்பான நேரங்களை மட்டும் எடுத்து, கிழமையோடு அச்சடித்துக் குடோன் மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன்.

டீ கொண்டுவந்து வைத்த காதர் பாய் அந்தத் தாளை ஒரு நிமிஷம் பார்த்தார். “வெள்ளிக்கெழமைன்னா பத்து இருவத்தஞ்சு. திங்கக்கெழமைன்னா ஏழு இருவத்தஞ்சு. புதங்கெழமைன்னா பதினொன்னு அம்பத்தஞ்சு. எல்லாம் ராகு காலத்துக்கு அஞ்சு நிமிசம் முந்தியுங்க மேடம்” என்றார். நான் காலண்டர் தாளைக் கிழிப்பதோடு சரி, பின்பக்கம் பார்க்கிறவள் இல்லை. போனில் தேடிப் பார்த்தேன். அச்சு அசலாக அதேதான்! அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் கிளம்பிய லாரி எதுவுமே பதிவில் இல்லை. எல்லாம் ஐந்து நிமிஷம் முன்பே கிளம்பியதாக இருந்தது. துள்ளிக் குதிக்காத குறை. தொழுகைத் தழும்பு நெற்றியில் தெரிகிற மனிதருக்கு ராகு காலம் ஏழு நாளும் மனப்பாடமாக இருப்பது எப்படி என்று கேட்டேன்.

“எங்கூட்டுல அதெல்லாம் பாக்கறதில்லீங்க, ஆனா முன்னெல்லாம் அதப் பாத்துத்தான் வண்டிய கௌப்புவாங்க, அது தெரியாம நான் எப்படி மத்தியானத் தொழுகைக்குப் போயிருக்க முடியுமுங்க?”

தகடு

மனிதர் யாரும் நாள் தவறாமல் இத்தனை ஒழுங்காகப் பொய் எழுத மாட்டார்கள். இது டிரிகர் வேலை. டேட்டாபேஸுக்குள் நாம் எழுதிவைக்கும் ஒரு ஏற்பாடு அது. ‘இந்தப் பதிவு எப்போது நடந்தாலும், கூடவே இதையும் செய்’ என்று ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் போதும், யாரும் கூப்பிடாமல் தானே வேலை செய்யும். பதிவு போடுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நல்ல காரியத்துக்கும் வைக்கலாம், கெட்டதுக்கும் வைக்கலாம். சென்னியப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சொன்னபோது, பாதியிலேயே அவர் முகம் தெளிந்தது. “வாசப்படிக்கு அடியில தகடு பொதைச்சு வெக்கறதுங்களா?” என்றார். இருபது வருஷத்தில் டிரிகருக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. ஆமாம், தாண்டுகிறவருக்குத் தெரியாது, ஆனால் தாண்டினால் வேலை செய்யும்.

பட்டியலைத் திறந்தேன். இரண்டு தகடுகள் இருந்தன. முதலாவது நாங்கள் தேடியதுதான். லாரி ராகு காலத்தில் கிளம்பினால், அதற்கு ஐந்து நிமிஷம் முன்பு கிளம்பியதாக நேரத்தை மாற்று. வைத்தவர் என்று பழைய புரோகிராமரின் பெயர் இருந்தது. சென்னியப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “மொதல்ல அவன் பேர அழியுங்க மேடம், அந்தப் பேரே இதுல இருக்கக் கூடாது!” எனக்கும் ஆத்திரம்தான். உள்ளே நுழைய அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் அவர் பெயரைப் பிடித்து, அழிக்கும் பொத்தான் வரைக்கும் போய்விட்டேன். எதையும் அழிக்குமுன் எல்லாவற்றையும் படி என்று எனக்கு வேலை கற்றுத்தந்தவர் திட்டித் திட்டிப் பழக்கியிருந்தார், அதனால் கை தானாக நின்றது. இரண்டாவது தகட்டைப் படித்தேன்.

என் பெயர் நீக்கப்படும் அன்று செக்கிங் பதிவேடு முழுவதையும் அழி. அதில் எழுதியிருந்தது அவ்வளவுதான். என்ன கோபமோ, போகிற மனிதர் தன் பெயருக்கு அடியிலேயே புதைத்துவிட்டுப் போயிருந்தார். பொத்தானைத் தட்டியிருந்தால் ஜெயராணி ஒவ்வொரு சரக்கையும் பார்த்ததற்கான அத்தனை பதிவும் ஒரு நொடியில் போயிருக்கும், அவர்மேல் தப்பில்லை என்று ஊருக்குமுன் நிரூபிக்க என்னிடம் ஒரு வரி மிச்சமிருந்திருக்காது. பதிவேட்டை இரண்டு இடத்தில் நகல் எடுத்து, இரண்டு டிரிகரையும் தோண்டி எறிந்து, அதற்குப் பிறகுதான் பெயரை அழித்தேன். ஒன்றும் ஆகவில்லை. சென்னியப்பன் இவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு, கீபோர்டிலிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தார்.

“ஏனுங் மேடம், எடுத்த தகட்ட ஆத்துல உடோணுமுங்களா, இல்ல அப்படியே போட்டுரலாமுங்களா?”

யார் சொல்லி வைத்தது

பெங்களூருக்குப் போன் போட்டேன், எல்லோரும் கேட்கிற மாதிரி. இரண்டாவது தகட்டைப் பற்றிக் கேட்டதும் மறுமுனையில் இருமல் வந்தது, அப்புறம் மன்னிப்பு வந்தது. முதலாவதைப் பற்றிக் கேட்டதும் மனிதருக்குக் குரல் நிமிர்ந்துவிட்டது. “அது சார் சொல்லித்தாங்க வெச்சேன்! ராகு காலத்துல ஒரு வண்டி கௌம்புச்சுன்னு ரிப்போர்ட்ல நான் பாக்கவே கூடாதுன்னு சொன்னாரு. லாரிய நிறுத்துனா கப்பல் போயிரும். அதான் ரிப்போர்ட்ட நிறுத்திட்டேன்.”

சென்னியப்பன் மறுக்கவில்லை. சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. லாரியை நிறுத்து என்று அவர் நினைத்துச் சொன்னார், ரிப்போர்ட்டை மாற்று என்று புரோகிராமர் எடுத்துக்கொண்டார். மூன்று வருஷமாக லாரிகள் தூத்துக்குடித் துறைமுகத்து அவசரத்துக்கு இஷ்டம்போல் கிளம்பிக்கொண்டிருக்க, இவர் தினம் காலையில் ரிப்போர்ட்டைப் பார்த்து, சுவரிலிருந்த முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து நின்றது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“அப்ப மூணு வருசமா நான் கும்பிட்ட கும்பிடெல்லாம் எந்தக் கணக்குல போயிச் சேருமுங்க மேடம்?”

கட்டம் இல்லாத ஃபார்ம்

ஆடிட்டர் வந்தது ஒரு வியாழக்கிழமை. சென்னையிலிருந்து வந்தவர், சிரிப்பதற்கே அனுமதி வாங்க வேண்டும் போன்ற முகம். மத்தியானம் இரண்டு மணிக்கு, அசலைத் தொடாமல், நகலில் பழைய தகட்டை மறுபடி வைத்து, அவர் கையாலேயே ஒரு லாரிப் பதிவைப் போடச் சொன்னேன். இரண்டு மணி என்று அடித்தார். திரையில் ஒன்று இருபத்தைந்து என்று வந்தது. மறுபடி அடித்தார், மறுபடி வந்தது. கேட் வாட்ச்மேன் கையால் எழுதும் நோட்டை வாங்கிப் பார்த்தார். அதில் எல்லா நேரமும் சரியாக இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த நோட்டை யாரும் திறந்ததில்லை, இந்த மகா நிபுணி உட்பட.

“இதை வைக்கச் சொன்னது யார்?” என்று கேட்டார். பழியைப் பெங்களூரில் இறக்கிவிட்டு வருவது சென்னியப்பனுக்குச் சுலபம், நானும் மறுத்திருக்க முடியாது. அவர் ஒரு தடவை ஜன்னல் வழியாக ஹாலைப் பார்த்தார். அப்புறம், “நாந்தானுங்க. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க” என்றார், காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். ஆடிட்டர் பேனாவைத் திறந்தார், ஃபார்மை முன்னும் பின்னும் புரட்டினார். முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

“ராகு காலத்துக்கு இந்த ஃபார்ம்ல கட்டமே இல்லையே சார், எதுக்குக் கீழ எழுதட்டும்?”

முதல் டேபிள்

ஆடிட்டர் போனதும் சென்னியப்பன் தாமே போன் செய்து ஜெயராணியை வரச் சொன்னார். மறுநாள் காலை அவரை ஆபீஸ் ரூமுக்கு அழைத்து, காபி வரவழைத்து, அங்கேயே மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாம் என்று முதலாளிக்கு ஆசை. ஜெயராணி காபியைக் குடித்தார், டம்ளரை வைத்தார், ஹால் இருக்கும் திசையைப் பார்த்தார். அவ்வளவுதான். சென்னியப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

ஹாலில் நாற்பது பேரும் கையை நிறுத்தினார்கள். முதல் டேபிள் பக்கத்தில், அன்று நின்ற அதே இடத்தில் நின்று அவர் பேசினார். “அன்னைக்கு இதே எடத்துல நின்னு நான் சொன்னது தப்புங்க. ஜெயராணி பாக்காம ஒரு பீஸு கூட உட்டதில்ல. கம்ப்யூட்டர்ல நேரம் மாறுனதுக்குக் காரணம் நான். என்னய மன்னிச்சுக்கோணும்.” காதர் பாய் குடோன் கதவோரம் நின்று துண்டால் முகம் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான். டேப் அந்த டேபிளிலேயே இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. ஜெயராணி அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஜெயராணி விடவில்லை.

“சரி மொதலாளி, போதும், நாப்பது பேரு கைய நிறுத்திட்டு நிக்காவ, இந்தப் பீஸையெல்லாம் எப்பம் பாத்து முடிக்கது?”

டேட்டாபேஸைக் காக்க வந்த எனக்கு, அதைக் கெடுக்க நினைத்தவர்களைவிட அதற்கு நல்லது செய்ய நினைத்தவர்களால்தான் இன்றுவரை பிழைப்பு ஓடுகிறது.